புளி தின்ற பெயர்

அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. இந்தத் தெருவிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு விசைத்தறி ஓடுகிறது. அவற்றுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது ஆசாரியின் பட்டறை. உமி ஓடு, ஊதுகுழல், பட்டறைக்கல், சாமணம், கம்பியச்சு, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்னத் தராசு. முன்பு மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்த்த இடம். இப்போது செய்து முடித்த நகை வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாக நகைக்கடைக்கு வந்து இறங்கிவிடுகிறது. ஆசாரிக்கு வருவது அறுந்த கொலுசும் திருகு தொலைந்த தோடும்தான். வாசலில் ஒரு பெஞ்சு உண்டு, பழுதுக்குக் கொடுத்தவர்கள் காத்திருக்க. அதில் உட்கார்ந்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். உட்கார்ந்திருப்பவரை உள்ளே யாரும் கண்டுகொள்வதில்லை.

ஐப்பசி முடியப்போகிற நேரம். முந்திய நாள்வரை மழை கொட்டித் தீர்த்து, அன்றைக்குத்தான் வெறித்திருந்தது. கரிசல் காட்டுக்காரர்கள் மழை வெறித்த மறுநாள் வீட்டில் தங்க மாட்டார்கள். அந்த அம்மாள் காட்டு வேலையை விட்டுவிட்டுத் திருச்சுழிக்குத் தெற்கேயிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார் என்றால் காரியம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். ஐம்பது வயதிருக்கும். கணுக்காலில் கரிசல் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பலகையில் கொட்டினார். ஏழு காசு. ஆறு செக்கச்செவேலென்று மின்னின. ஏழாவது வெறும் மண்ணாங்கட்டி.

“ஆசாரியாரே, தங்கமான்னு உரசிப் பாத்துச் சொல்லுங்க.”

ஆசாரி உரைகல்லைத் தொடவே இல்லை. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் இரண்டு தரம் குலுக்கினார்.

“செம்பு தாயி. புளி போட்டுத் தேச்சியா?”

“புளியும் சாம்பலும். லேசா மினுங்குச்சா, நெஞ்சு அடிச்சுக்கிருச்சு.”

தங்கம் இல்லை என்றதும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு. “அப்ப வெம்பக்கோட்டையில தோண்டி எடுக்கிறாகளே, அந்த மாதிரியா?” என்று மட்டும் கேட்டார். 2022-இல் அங்கே அகழாய்வு தொடங்கியதிலிருந்து மாவட்டம் முழுக்க இந்தக் கேள்வி நடமாடுகிறது.

“அது வாத்தியாரு பாத்துத்தான் சொல்லணும். இப்ப வந்திருவாரு. உக்காரு.”

வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தோளில் ரெக்சின் பை. அதற்குள் ஒரு லென்ஸ், பல் குத்தும் மூங்கில் குச்சிகள், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் ஒரு பாட்டில், அட்டை பிய்ந்த ஒரு நோட்டு. வரலாறு படித்தவர் கதை சொல்லத் தொடங்கிவிடுவார். கணக்கு படித்தவர் முதலில் தரவு கேட்பார். இவர் காசைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாளிடம் கேட்டார்.

“எங்க கிடந்துச்சு தாயி?”

“காட்டுல.”

“உங்க காட்டு மண்ணுலயா, வெளியிருந்து அடிச்ச மண்ணுலயா?”

“கோடையில கண்மாய்க் கரம்பை அடிச்சோம்ல. டிராக்டர்ல அடிச்சுக் காட்டுல பரப்பியிருந்துச்சு. இந்த மழைக்குக் கரம்பை கரைஞ்சிருச்சு. ஆட்டைப் பத்திக்கிட்டுப் போகையில காலுக்குள்ள கிடந்துச்சு.”

“கண்மாய்ல எந்தப் பக்கம் வெட்டுன மண்ணு?”

அந்த அம்மாள் யோசித்தார். மடைக்கு மேற்கே, பழைய கலுங்குக்குப் பக்கத்தில் என்றார். வாத்தியார் ஊர்ப் பெயர், கண்மாய்ப் பெயர், மடையின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒரு சின்னப் படமும் போட்டார். கிடைத்த இடம் காடு, கிடந்த இடம் கண்மாய். காசை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற வியாபாரிக்கு இந்த வித்தியாசம் வேண்டியதில்லை.

பிறகுதான் காசுகளைப் பிரித்தார். ஒன்று தனியாக வலப்புறம் போனது. ஒன்று இடப்புறம். ஒன்று இரண்டு பக்கமும் வழித்துப்போய் வெறும் தகடாகக் கிடந்தது; அதை ஒதுக்கினார். நாலு நடுவில். மண்ணாங்கட்டி அந்த நாலில் ஒன்று.

வலப்புறம் போனதை எடுத்து ஆசாரியிடம் நீட்டினார். “இது ஜாதகத்தோட வந்த காசு. படிங்க.”

ஒரு பக்கம் கொடி பிடித்த இரண்டு சிங்கம், கிழக்கிந்தியக் கம்பெனி என்று ஆங்கிலம், 1808. மறுபக்கம் பத்து என்பதற்கான ரோமானிய எழுத்து, காஷ் என்ற சொல், மேலே பாரசீகத்தில் பத்துக் காசு இரண்டு பலூஸ் என்ற கணக்கு. சென்னை ராஜதானியில் புழங்கிய பத்துக் காசு.

“எங்க அடிச்சது?”

“மெட்ராஸ்தான். தங்கசாலைத் தெரு.”

“இல்ல. பர்மிங்காம். இங்கிலாந்து.”

பர்மிங்காமுக்குப் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்டன் என்பவர் காசடிக்கும் ஆலை வைத்திருந்தார். ஜேம்ஸ் வாட் அவருடைய தொழில் பங்காளி. நீராவி இயந்திரம் அடிக்க அடிக்க, ஒரே அளவில், ஒரே வட்டத்தில் காசு வந்து விழுந்தது. 1803-இலும் 1808-இலும் சென்னைக்கு வேண்டிய செப்புக் காசை அங்கேதான் அடித்து மரப்பீப்பாயில் போட்டுக் கப்பலேற்றினார்கள். அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் அப்படிப் புறப்பட்டு, 1809 ஜனவரியில் இங்கிலாந்தைவிட்டு விலகும் முன்பே குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. 1980-களில் முக்குளித்தவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் பத்துக் காசும் இருபது காசும் அள்ளினார்கள். இன்றைக்கு உலகச் சந்தையில் விற்கும் நல்ல பத்துக் காசுகளில் பெரும்பாலானவை சென்னை மண்ணை மிதிக்காதவை. இந்த அம்மாள் கொண்டுவந்தது கரை சேர்ந்த காசு; கரை சேர்ந்ததோடு நிற்காமல் திருச்சுழிக் கண்மாய்வரை நடந்து வந்திருக்கிறது.

ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம பொழப்பு கெட்டது இப்பத்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எரநூறு வருசத்துக்கு முந்தியே கெட்டுருச்சு.”

முழுவதும் சரியில்லை. அதே காலத்தில் சென்னைத் தங்கசாலையிலும் வேலை நடந்தது. அங்கே அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம் நிற்கும். மறுபக்கம் பெருமாள், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அந்தச் சாலை 1869-இல்தான் மூடப்பட்டது. ஆனால் ஏழைபாழைகள் கையில் புரண்ட சின்னச் செப்புக் காசு கடல் தாண்டி வந்தது என்பதில் ஆசாரி பேச்சு நியாயம்தான்.

இடப்புறம் போன காசில் ஒரு பக்கம் ஒரு மனிதன் நிற்கிறான். மறுபக்கம் படுத்திருக்கும் காளை. காளைக்குக் கீழே தமிழில் ‘சேது’. அது தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

“சேதுபதி காசா?” என்றார் ஆசாரி. அப்படிக் கேட்காத ஆளை இந்தப் பக்கம் பார்க்க முடியாது. திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் நேற்றுவரை இராமநாதபுரம் மாவட்டம். விருதுநகர் பிரிந்தது 1985-இல். அதற்கு முன் ராஜ்யமாகவும் ஜமீனாகவும் இருந்த காலமெல்லாம் சேதுபதிகள் பெயர் இங்கே வீட்டுக்கு வீடு புழங்கிய பெயர். சேது என்று எழுதியிருந்தால் வேறு யார் அடித்திருப்பார்கள்?

வெள்ளைக்கார ஆய்வாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் சுவாமி ஞானப்பிரகாசர் 1920-இல் வேறு விதமாகச் சொன்னார். 1924-இல் இலங்கைக் காசுகள் பற்றிப் பெரிய நூல் எழுதிய காட்ரிங்டனும் அதே முடிவுக்கு வந்தார். அது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் அடித்த காசு. சேது அவர்கள் குலத்தின் முத்திரைச் சொல். காளை அவர்கள் கொடி. எழுத்து இருக்கிறது, படிக்கவும் முடிகிறது, அப்படியும் ஊர் மாறிப்போகும். வாத்தியார் நோட்டில் ‘யாழ்ப்பாணம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

இந்தச் சமயத்தில் ஆசாரியின் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தாத்தாவின் சட்டைப்பையில் கைவிட்டுச் சில்லறை எடுத்தாள். எடுத்ததைக் கடைக்குக் கொண்டு ஓடாமல், வருஷத்துக்குக் கீழே பார்த்தாள். “இது நட்சத்திரம், ஐதராபாத். இது புள்ளி, நொய்டா. இது டைமண்ட், மும்பை.” ஒன்றில் எதுவும் இல்லை. “இது கல்கத்தா. அவுங்க போட மாட்டாங்க.” வாத்தியார் கற்றுக்கொடுத்தது. நாலு ஊரையும் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நடுவில் கிடந்த நாலு காசுதான் அன்றைய வேலை.

இந்த வகைக் காசு தமிழ்நாட்டில் எங்கே உழுதாலும் வரும். ஒரு பக்கம் நிற்கும் மனிதன். நீண்ட மூக்கு, குச்சிக் கை, கையில் பூ, பக்கத்தில் விளக்கு, ஒரு புறம் நாலைந்து உருண்டைகள், மேலே பிறை. மறுபக்கம் அதே மனிதன் உட்கார்ந்திருப்பான். இடது கை உயர்ந்திருக்கும். அந்தக் கைக்குக் கீழே மூன்று வரி நாகரி எழுத்து. அங்கேதான் பெயர். தமிழ் மன்னன் தமிழ் மண்ணில் அடித்த காசில் நாகரி எதற்கு என்று இன்றைக்குச் சிலர் கோபப்படுவார்கள். வியாபாரம் கடல் கடந்து போன காலம் அது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் பெயர்தான் பெரும்பாலும் இருக்கும். பாண்டிய நாட்டையே ராஜராஜப் பாண்டி நாடு என்று பெயர் மாற்றி வைத்தவன் அவன். அவன் காசு இங்கே கிடைப்பதில் வியப்பில்லை.

வியப்பு வேறு. சோழனை எதிர்த்து நின்ற இலங்கை மன்னர்கள் அவன் காசின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நிற்கும் மனிதன், உட்கார்ந்த மனிதன், கைக்குக் கீழே நாகரி, ஒன்றும் மாறவில்லை. பெயர் மட்டும் மாறியது. முதலாம் பராக்கிரமபாகு (1153-1186) அடித்தான். அவனுக்குப் பின் வந்த பலரும் அடித்தார்கள். அவனுடைய அரசி லீலாவதி மூன்று தரம் அரியணை ஏறினாள். அவள் காசிலும் ‘ஸ்ரீ ராஜ லீலாவதி’ என்று எழுதி, படத்தில் பழைய ஆளையே உட்கார வைத்திருக்கிறார்கள். பிற்காலப் பாண்டியர்களும் அந்த நிற்கும் மனிதனை விடவில்லை. மறுபக்கத்தில் மீனையும், ‘சோணாடு கொண்டான்’, ‘எல்லாந்தலையானான்’ என்ற பட்டங்களையும் தமிழில் போட்டுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக் காளைக்குப் பின்னால் நிற்பவனும் அவன்தான். ராஜ்யங்கள் போயின, குச்சிக் கை மனிதன் நானூறு ஆண்டுக்கு மேல் கால் மாற்றாமல் நின்றான்.

வாத்தியார் பராக்கிரமபாகுவைத் தேடுகிறவர். காரணம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய அரியணைக்குப் பங்காளிச் சண்டை வந்தது. ஒரு பக்கத்துக்காக இலங்கைத் தளபதி இலங்காபுரன் இராமேசுவரம் கரையில் இறங்கினான். தொண்டி, நெட்டூர், மானாமதுரை என்று அவன் படை போன ஊர்கள் இலங்கையின் சூளவம்சத்தில் வரிசையாக வருகின்றன. பாண்டிய நாட்டில் தன் மன்னன் பெயர் பொறித்த காசைப் புழங்கவிட்டான் என்றும் அந்த நூல் சொல்கிறது. கடைசியில் சோழர் தலையிட்டார்கள். இலங்காபுரனும் அவன் படைத்தலைவர்களும் கொல்லப்பட்டு, தலைகள் மதுரை வாசலில் அறையப்பட்டன என்கிறது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. அந்தப் படையெடுப்பில் இறங்கிய காசு ஒன்று கிடந்த இடத்தோடு இந்தப் பக்கம் கையில் வர வேண்டும் என்பது வாத்தியாரின் ஆசை.

லென்ஸை வைத்து முதல் காசைப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். வாசலுக்கு வந்தார், பெஞ்சில் இருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள். திரும்பப் போனார்.

“ஒரு ‘ரா’ தெரியுது.”

“அப்புறம் என்ன? ராஜராஜன்” என்றார் ஆசாரி.

“பராக்கிரமன்லயும் ‘ரா’ இருக்கு. லீலாவதி காசுலயும் இருக்கு.”

ராஜராஜ என்பதில் எந்த எழுத்துக்கும் கால் கீழே இறங்காது. பாகு என்று முடிகிற பெயரில் கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கொக்கி இறங்கும். அந்தக் கொக்கி இருந்தால் இலங்கை, இல்லாவிட்டால் பெரும்பாலும் தஞ்சாவூர். மூன்றாவது வரி இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக மின்னியது. அடுத்த காசிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ‘ரா’கூட இல்லை.

ஆயிரம் வருஷம் மண்ணில் கிடந்த செம்புக்கு மேல் களிம்பு ஏறும். எழுத்தின் மேடும் பள்ளமும் செம்பில் நிற்பதில்லை. அந்தக் களிம்பில்தான் நிற்கும். புளி களிம்பைக் கரைத்துவிடும். கூடப் போவது எழுத்து. சாம்பல் மிச்சத்தைச் சுரண்டிவிடும். விளக்கு துலக்குகிற கை சுத்தம் செய்கிறதாகத்தான் நினைத்துக்கொள்ளும். வாத்தியார் அந்த அம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லிப் பயனில்லை என்று விட்டாரோ, மனசு வரவில்லையோ. வேறு பேச்சை எடுத்தார். போனைத் திறந்து ஒரு படத்தை ஆசாரியிடம் காட்டினார். லண்டனில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் அருங்காட்சியகத்தில் எடுத்து அனுப்பியது.

“இது வெள்ளிக் காசு. எழுநூத்தி அம்பது வருசம் இருக்கும். ஒரு பக்கம் ராஜா தலை. இந்தப் பக்கம் சிலுவை. சுத்தி எழுதியிருக்கு பாருங்க, ‘நிக்கோல் ஆன் லண்ட்’. நிக்கோலுங்கிறது யாரு தெரியுமா?”

“ராஜாவா?”

“காசடிச்ச தட்டான். லண்ட்னா லண்டன். அடிச்ச ஆளு, அடிச்ச ஊரு, ரெண்டும் காசுலயே இருக்கு.”

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

இங்கிலாந்தில் அது பல நூறு ஆண்டு வழக்கம். காசின் பின்பக்கத்தில், அடித்தவன் பெயரும் ஊர்ச் சுருக்கமும். ஆகவே அங்கே காசு பார்க்கிறவர்களுக்கு வேலை ராஜாவோடு முடிவதில்லை. பெயரும் ஊரும் படித்தால்தான் காசு அடையாளமாகும். லேசான வேலை இல்லை. நிக்கோல் என்ற பெயரில் லண்டனிலும் காசு உண்டு, கேன்டர்பரியிலும் உண்டு; ஊர்ப்பெயர் தேய்ந்திருந்தால் தீர்ந்தது. ராஜாவின் பெயரை நம்பியும் பயனில்லை. இரண்டாம் ஹென்றி 1180-இல் தொடங்கிய காசை அவன் மகன்கள் ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்திலும் ஹென்றி பெயரிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போன அப்பன் பெயர் காசில், மகன் அரியணையில். அப்போது எந்த ராஜா காலத்துக் காசு என்று முடிவு கட்டுவது தலையின் அமைப்பையும் எழுத்தின் வடிவத்தையும் பார்த்துத்தான்; தட்டான் பெயரும் அதற்குக் கைகொடுக்கும்.

“அங்க தட்டானுக்கு அவ்வளவு மரியாதையா வாத்தியாரே?”

“மரியாதையா? வெள்ளியில கலப்படம் இருந்தா ஆளைப் பிடிக்க வேணாமா? அதுக்குத்தான் பேரு.”

1124-இல் அங்கே காசு மட்டமாகிவிட்டது. முதலாம் ஹென்றி நாடு முழுக்க இருந்த காசுத் தட்டான்களைக் கிறிஸ்துமஸுக்கு வின்செஸ்டருக்கு வரச் சொன்னான். வந்தவர்களுக்கு ஒவ்வொருவராக வலது கை வெட்டப்பட்டது. வெட்டியது கையோடு நிற்கவில்லை. அதை வாத்தியார் அந்த அம்மாள் இருந்ததால் மென்று விழுங்கினார். நூற்றைம்பது ஆண்டு கழித்து, 1279-இல், முதலாம் எட்வர்ட் காசைத் திருத்தி அமைத்தபோது தட்டான் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்தான். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற ஊரில் ராபர்ட் என்பவர் பெயர் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதோடு சரி.

ஆசாரி நெடுநேரம் படத்தைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“நம்மாளு பேரு போடாம விட்டது நல்லதாப் போச்சு.”

நம் பக்கத்துக் காசில் தட்டான் பெயர் இல்லை, ஊரும் இல்லை. காசு அடிக்கிற இடத்துக்கு அக்கசாலை என்று பெயர் இருந்தது. கொற்கைக்குப் பக்கத்தில் அக்காசாலை என்றே ஒரு ஊர் இருக்கிறது. ஆனால் எந்தக் காசு எந்த அக்கசாலையில் விழுந்தது என்று காசு சொல்லாது. குண்டாற்றங்கரையில் திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் கோயிலில் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியன் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் யார் விளக்கெரிக்க ஆடு விட்டார், யார் காசு கொடுத்தார், எந்த இடையர் பொறுப்பேற்றார் என்று வரிசையாக வரும். கொடுத்தவருக்குக் கல் உண்டு. அந்தக் காசை அடித்தவருக்கு ஒரு வரி இல்லை.

வாத்தியார் மூடி ஒன்றில் பேட்டரித் தண்ணீரை ஊற்றி மண்ணாங்கட்டியை அதில் போட்டார். “இதை ஏன் தாயி தேய்க்கல?”

“அது காசுன்னே தெரியல. பேரன் கோலிக்குண்டு வச்சிருக்கிற டப்பாவுல போட்டு வச்சிருந்தான். அப்படியே அள்ளிக்கிட்டு வந்தேன்.”

கரம்பை ஊறி இளகியது. மூங்கில் குச்சியால் வாத்தியார் ஓரத்திலிருந்து நெம்பினார். குத்தவில்லை, தள்ளினார். கறுப்பு மண் விலக, அடியில் கரும்பச்சைக் களிம்பு. அதன்மேல் ஒரு கை. கைக்குக் கீழே வரிகள். லென்ஸைப் போட்டார்.

“ஸ்ரீ. கீழ ராஜ. அதுக்குக் கீழ...” நிறுத்தினார். கொக்கி இறங்குகிறதா என்று பார்க்கிறார். இறங்கவில்லை. “ராஜ.”

முகத்தில் லேசான ஏமாற்றம். இந்தத் தொழிலில் பெயர் படிக்க முடிவதே பெரிய காரியம். படித்தபின் வேறு பெயராக இருந்திருக்கலாம் என்று நினைப்பது பேராசை. ஆனால் அந்தப் பேராசை இல்லாதவர் மத்தியானத் தூக்கத்தை விட்டு இங்கே வர மாட்டார்.

காசைத் திருப்பி நிற்கும் மனிதன் பக்கத்தையும் கழுவினார். ஆசாரி தன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தார். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. அது அவருக்குத் தெரியாது. அவர் பார்த்தது வேலையை.

“மூக்கும் பூவும் ஒரே உளி வாத்தியாரே. புள்ளி உளி. அச்சு வெட்டுனவன் அவசரத்துல வெட்டியிருக்கான்... ஆனா கை தெரிஞ்சவன்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “இந்தாங்க, தோள்லருந்து விளக்குக்கு ஒரு கோடு ஓடுது பாத்தீங்களா? இது வரைஞ்சது இல்ல. அச்சு வெடிச்சது. வெடிச்ச அச்சுல அடிச்சா காசுல மேடா விழும்.”

வாத்தியார் தலையாட்டினார். ஆசாரி விடவில்லை. தேய்த்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். முதலாவதை வைத்துவிட்டார். இரண்டாவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாமணத்தால் அதையும் கழுவிய காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுலயும் அதே கோடு.”

தோளிலிருந்து விளக்குக்கு. அதே சாய்வு, அதே இடத்தில் சின்ன முறிவு. புளியும் சாம்பலும் எழுத்தைத் தின்றிருந்தன. இந்த வெடிப்பு மேட்டை முழுதாகத் தின்ன முடியவில்லை. ஒரே அச்சு. ஒரே பட்டறை. ஒரே ஆள் ஓங்கிய சுத்தியல் என்றும் சொல்லிவிடலாம். பராக்கிரமபாகு ராஜராஜனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தியவன். இரண்டு பேருக்கும் ஒரே அச்சு உழைத்திருக்க வழியில்லை. ஒன்று ராஜராஜன் என்றால் இன்னொன்றும் ராஜராஜன்.

அச்சு வெடிப்பைப் பார்த்துக் காசுக்கும் காசுக்கும் உறவு கண்டுபிடிப்பது ஐரோப்பாவில் காசு ஆய்வாளர்கள் கைக்கொள்ளும் முறைதான். நிக்கோல் காசில் ஊர்ப்பெயர் தேய்ந்திருந்தால் அவர்களும் இதே அச்சில் விழுந்த வேறொரு நல்ல காசைத் தேடித்தான் ஊரை முடிவு செய்வார்கள். ஆசாரி எந்தப் புத்தகமும் படித்ததில்லை. அவருக்கு அது தன் தொழிலில் நடக்கிற கோளாறு, அவ்வளவே.

வாத்தியார் இப்போது பராக்கிரமபாகுவை மறந்துவிட்டார். நோட்டைத் திறந்து மளமளவென்று எழுதினார். ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசு, ஒரே கண்மாயில், ஒரே பக்கத்தில். கை மாறி கை மாறி ஊரெல்லாம் சுற்றியிருந்தால் பிரிந்திருக்கும். அக்கசாலையிலிருந்து சேர்ந்தே கிளம்பி, ஒரே முடிச்சில் இங்கே வந்து, ஒன்றாகவே விழுந்திருக்கலாம். கண்மாய் வெட்டியவன் கூலியா, போகிற வழியில் யாரோ தொலைத்ததா? அதற்கு மேல் காசு பேசாது. அந்த அம்மாள் மடைக்கு மேற்கே என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்த அளவும் பேசியிருக்காது.

“இது எம்புட்டுக்குப் போகும்?” என்றார் அந்த அம்மாள்.

“பெருசா ஒண்ணும் போகாது தாயி. ராஜராஜன் காசு நிறையக் கிடைக்கிறது. ஆனா விக்காத. வி.ஏ.ஓ.கிட்டச் சொல்லிரு. நான் மனு எழுதித் தாரேன்.”

“மனுக் குடுத்தா நிலத்தைப் பிடுங்கிப்புடுவாகளோ?”

இந்தப் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. காசு பழைய பாத்திரக்கடைக்குப் போவதும் உருக்குக் குகைக்குள் போவதும் இதனால்தான். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருள் எதுவானாலும் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறது. என்ன பொருள், எவ்வளவு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்பதையும் எழுதச் சொல்கிறது. உரிமை கோர யாரும் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அரசு எடுத்துக்கொண்டால் விலை கொடுக்க வேண்டும். நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை. எழுதிக் கொடுக்காமல் மறைத்தால்தான் வம்பு. வாத்தியார் இதை நிதானமாக, இரண்டு தரம் சொன்னார். அந்த அம்மாள் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டார். ஏழையும் வாத்தியார் ஏழு காகிதத்தில் மடித்து, ஒவ்வொன்றின் மேலும் எண் போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு ஆசாரி கொலுசு வேலைக்குத் திரும்பினார். காத்திருந்த பெண் சத்தம் போட ஆரம்பித்திருந்தாள்.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் கரம்பை அடித்த காடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசு கண்ணில் பட்டால் புளியையும் சாம்பலையும் தொடாதீர்கள். ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் மடித்து, ஊர், கண்மாய், எந்தப் பக்கத்து மண், எடுத்த தேதி, இந்த நாலையும் மேலே எழுதுங்கள். மறுநாளே வி.ஏ.ஓ.விடமோ தாலுகா ஆபீஸிலோ கொண்டுபோய்க் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.